விளக்கை ஆறு மணி நேரத்தில் அணையுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செடி வளர்க்கும் மீன் தொட்டிகளைப் பற்றியவை. அதனால் இந்த முறை தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றும் சிலிண்டர் இல்லாமல், ஒரு சாதாரண விளக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வைத்துச் செடி வளர்ப்பவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானும் அந்தக் கட்சிதான். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் என் இரண்டடித் தொட்டிக்கு இப்போது பதினோரு வயது.

அக்கா, தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. செடிக்கு வெளிச்சம் வேண்டுமே என்று காலை ஏழு மணி முதல் இரவு ஏழு மணி வரை எல்.இ.டி. விளக்கை எரிய விடுகிறேன். வாரம் இரண்டு முறை திரவ உரமும் ஊற்றுகிறேன். செடிகள் வைத்தபடியே நிற்கின்றன. ஆனால் கண்ணாடி, கல், இலை எல்லாவற்றிலும் பச்சைப் பாசி. நூல் நூலாகவும் தொங்குகிறது. பாசிக் கொல்லி மருந்து ஊற்றலாமா?

மருந்து வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு டைமர் வாங்கி, விளக்கை ஆறு மணி நேரத்துக்கு வையுங்கள். மாலையில்தான் வீட்டில் இருப்பீர்கள் என்றால் மூன்று மணிக்கு எரிந்து ஒன்பது மணிக்கு அணையட்டும். செடிக்கு எந்த ஆறு மணி நேரம் என்பது முக்கியமில்லை, தினமும் அதே நேரமாக இருந்தால் போதும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், புரிந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாகப் பிடிபடும். செடி இலை கட்டுவதற்கு வெளிச்சம் மட்டும் போதாது, கார்பன் வேண்டும். காற்றைத் தொட்டுக்கொண்டு சும்மா நிற்கும் தண்ணீரில், 25 டிகிரியில், லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். மீன் விடும் மூச்சும் அடியில் மக்கும் கழிவும் அதைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். சிலிண்டர் வைத்திருப்பவர்களோ லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றுகிறார்கள். அவர்கள் தொட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு அதே விளக்கை நாமும் மாட்டினால், பத்து கொத்தனார்களை வேலைக்கு நிறுத்திவிட்டுச் செங்கல்லை ஒவ்வொன்றாகக் கொடுத்த கதையாகிவிடும். செடி பயன்படுத்தாமல் விட்ட வெளிச்சத்தில் பாசி பிழைத்துக்கொள்கிறது. அதற்குத் தேவையும் குறைவு.

உரத்தை முழுதாக நிறுத்த வேண்டாம். புட்டியில் எழுதியிருப்பதில் பாதி அளவு, வாரம் ஒருமுறை. நம் செடிகள் வளரும் வேகத்துக்கு அதுவே தாராளம்.

நூல் பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சுருட்டி எடுங்கள், பஞ்சுமிட்டாய் சுற்றுவது மாதிரி வந்துவிடும். பாசி மூடிய பழைய இலை இனித் தேறாது, வெட்டிவிடுங்கள். அப்புறம் வேகமாக வளரும் செடிகளைச் சேருங்கள்: ஹார்ன்வொர்ட், வாட்டர் விஸ்டீரியா, வாலிஸ்னேரியா. மேலே ஒரு கைப்பிடி சால்வீனியா மிதந்தால் இன்னும் நல்லது. மிதக்கும் செடிக்கு இலை காற்றில் இருப்பதால் கார்பன் பஞ்சமே கிடையாது. தண்ணீரில் இருக்கும் சத்தை அது வேகமாக இழுத்துக்கொள்ளும், கீழே விழும் வெளிச்சத்தையும் குறைக்கும். ஆனால் தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் மூட விடாதீர்கள். அள்ளியதைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஒருபோதும் கொட்ட வேண்டாம். சால்வீனியா ஒரு நீர்நிலையையே மூடிவிடக் கூடியது. வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டி மண்ணில் சேர்த்துவிடுங்கள்.

ஜன்னலையும் ஒருமுறை பாருங்கள். என் தொட்டியில் வருடத்தில் ஒரு பருவம் மட்டும் இடது மூலையில் பாசி வரும், பிறகு போய்விடும். மூன்றாம் வருடம்தான் கண்டுபிடித்தேன். அந்த மாதங்களில் சூரியன் சாய்ந்து, படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தினமும் நாற்பது நிமிடம் அந்த மூலையில் விழுகிறது. பக்கக் கண்ணாடியில் கறுப்பு அட்டை ஒட்டினேன். அடுத்த வருடம் பாசி வரவில்லை.

இத்தனையும் செய்துவிட்டு ஒரு மாதம் பொறுங்கள். நடுவில் வேறு எதையும் மாற்ற வேண்டாம். வாரத்துக்கு ஒரு மாற்றம் செய்தால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

கிரிப்டோகோரைன் செடி ஆறு வாங்கி நட்டேன். ஒரே வாரத்தில் இலைகள் எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிக் கூழாகக் கரைந்துவிட்டன. பிடுங்கி எறிந்துவிட்டு வேறு வாங்கட்டுமா?

பிடுங்கி விடாதீர்கள், வேர் உயிரோடுதான் இருக்கிறது. கரைந்த இலைகளை மட்டும் கையால் எடுத்துவிட்டு, செடி நின்ற இடத்தை அப்படியே விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் நடுவிலிருந்து சுருண்ட குருத்து வரும். இடம் மாறினாலோ தண்ணீர் மாறினாலோ இலையை உதிர்ப்பது இந்தச் செடியின் சுபாவம். பண்ணைகளில் பெரும்பாலும் இவற்றை வேர் ஈரத்தில், இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். காற்றுக்காகச் செய்த இலை தண்ணீருக்குள் நிலைக்காது. இப்போது வரும் இலைதான் உங்கள் தொட்டிக்கென்று அது செய்யும் இலை.

கிரிப்டோகோரைன் சேம்புக் குடும்பம். வேரால் உண்ணும் செடி. அடியில் வெறும் சரளை மட்டும் என்றால் வேர்ப் பக்கத்தில் ஒரு உர மாத்திரையை விரல் ஆழம் அழுத்தி வையுங்கள். எதற்காகவும் இடம் மாற்றாதீர்கள். இலங்கையின் ஓடைகளுக்கே உரிய வென்ட்டியை என்ற வகைதான் இவற்றில் மிகவும் பொறுமையானது. என்னிடம் இருப்பதும் அதுதான். முதல் வருடம் மூன்று செடி இருந்தது, இப்போது எண்ண முடியவில்லை.

ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கரும்பழுப்புப் புள்ளிகள். நோயா?

நோய் இல்லை, ஸ்போர் எனப்படும் வித்துகள். அதே இலையின் ஓரத்தில் குட்டிச் செடியும் முளைக்கும், இரண்டு மூன்று இலை விட்டதும் கிள்ளி இன்னொரு கல்லில் கட்டுங்கள். தடித்த கிடைத்தண்டு மட்டும் மண்ணுக்குள் போகக் கூடாது, அழுகிவிடும்.

நான் ஏழாம் வகுப்புப் படிக்கிறேன். லீவில் தொட்டியை முழுக்கக் காலி செய்து, கல், செடி, ஃபில்டர் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினேன். மூன்று நாளில் ஆறு நியான் டெட்ராவில் நான்கு செத்துப்போய்விட்டன. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. நான் என்ன தப்புச் செய்தேன் ஆன்ட்டி?

தம்பி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ அக்கறையோடுதான் செய்திருக்கிறாய். உன்னைவிடப் பெரிய வயதில், விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நானும் இதையே செய்தேன். பதினோரு மீன்கள் போயின. கடைசி மீனை வலையில் எடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. அதனால் உனக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே விஷம். தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். பிறகு நைட்ரேட்டாக மாற்றும். அது அளவோடு இருந்தால் மீனுக்குத் தொந்தரவில்லை, செடிக்கு உணவு. இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். ஸ்பாஞ்சிலும் கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்கின்றன. நீ வழவழப்பு என்று தேய்த்துக் கழுவினாயே, அதில்தான் அவை இருந்தன. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மிச்சத்தையும் கொன்றிருக்கும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. அதனால்தான் தண்ணீர் தெளிவாக இருந்தும் மீன்கள் செத்தன.

மிச்சமிருக்கும் இரண்டையும் காப்பாற்றலாம். ஒரு வாரத்துக்குத் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று. புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைக் கலந்து, தொட்டியின் அதே சூட்டில் ஊற்று. வாளியில் ஒரு இரவு வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். சில ஊர்த் தண்ணீரில் குளோரமின் சேர்க்கிறார்கள், அது அப்படிப் போகாது. தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை போதும். அம்மோனியா சோதிக்கும் கிட் ஒன்று வாங்கித் தரச் சொல்லி அப்பா அம்மாவிடம் கேள். தண்ணீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் பார். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, 8 ஆனால் அது ஏறக்குறைய பத்து மடங்காகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யம் காட்டி, அப்படியே இரண்டு வாரம் நிற்கும்வரை புது மீன் வேண்டாம். நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். செடி நிறைய இருந்தால் அதுவும் அம்மோனியாவை நேராக எடுத்துக்கொள்ளும்.

இனிமேல் வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை வெளியே எடு. அந்த வாளித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடு. அதுவும் தண்ணீர் வரும் வேகம் குறைந்தால் மட்டும்.

உனக்கு இன்னொன்று சொல்ல ஆசை. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று உன் பாடத்தில் வரலாம். 1998இல் நன்னீர் மீன் தொட்டிகளை ஆராய்ந்தபோது அந்த வேலையைச் செய்தது நைட்ரோஸ்பைரா என்ற வேறு இனம் என்று தெரிந்தது. 2015இல் அந்த இனத்திலேயே, அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்வரை முழு வேலையையும் தனியாகச் செய்யும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அது கிடைத்த இடங்களில் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டர்.

செடியோடு மூன்று நத்தை வந்தது. இப்போது நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒழிக்க வழி சொல்லுங்கள்.

ஒழிக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்வேன். 1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தங்கமீன் இரண்டையும் வாலிஸ்னேரியாவையும் ஒரு பாத்திரத்தில் வைத்து, செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்குமா என்று பார்த்ததை அறிவியல் சங்கத்தில் அறிவித்தார். பழைய இலைகள் அழுகி எங்கும் வழவழப்புப் படிந்து, சோதனையே கெடும் நிலை. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்ததும் தண்ணீர் தெளிந்தது. நம் தொட்டிகளிலும் நத்தைக்கு அதே வேலைதான். நல்ல இலையை இந்தச் சிறு நத்தைகள் அநேகமாகத் தொடுவதில்லை, செத்துக்கொண்டிருக்கும் இலையைத்தான் தின்னும்.

நத்தை பெருகியிருக்கிறது என்றால் தீனி மிஞ்சுகிறது என்று அர்த்தம். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள், வாரம் ஒரு நாள் பட்டினி விடுங்கள். இரண்டு மாதத்தில் தானாகக் குறையும். அதுவரை, இரவில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு வைத்தால் காலையில் மொய்த்திருக்கும், துண்டோடு எடுத்துவிடலாம். செம்பு கலந்த நத்தை மருந்து இறாலையும் கொல்லும். நூறு நத்தை ஒரே நாளில் செத்தால் அத்தனையும் அம்மோனியாவாகும்.

விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மதியம் சரியாகிவிடுகிறது.

இரவில் செடியும் மூச்சுவிடுகிறது, ஆக்சிஜனைத் தானும் எடுத்துக்கொள்கிறது. விடியலில்தான் அது மிகக் குறைவு. வெயில் காலம் என்றால் இன்னும் மோசம்: 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். விளக்கு அணைந்ததும் ஏர் பம்ப் ஓடட்டும், மேற்பரப்பு சலசலக்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் ஒரு காகிதத்தைப் பரப்பி வழித்தெடுங்கள். இவ்வளவு செய்தும் மேலே வந்தால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துவிடுங்கள்.

ஆறு வருடமாக ஒரே கட்டையில் கட்டி வைத்திருக்கும் அனுபியஸ், தண்ணீருக்குள்ளேயே பூத்திருக்கிறது அம்மா. வெள்ளையாக ஒரு மடல், நடுவில் திரி மாதிரி. செடி பலவீனமாகும், வெட்டிவிடு என்கிறார் நண்பர். வெட்டவா?

வெட்ட வேண்டாம். அதுவும் சேம்புக் குடும்பம்தான், அந்த மடல் ஒரு பாளை. தண்ணீருக்குள் விதை பிடிக்காது என்றாலும் பூ பல நாள் நிற்கும். வாடி, கலங்கிய நிறம் வந்த பிறகு காம்போடு கிள்ளிவிடுங்கள். என் செடி முதலில் பூத்த வாரம் தண்ணீர்கூட மாற்றாமல் தினமும் இரவு ஒன்பதுக்கு விளக்கு அணையும்வரை படியில் உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் பூவைப் படம் எடுத்தால் ஒன்று எனக்கும் அனுப்புங்கள், விளக்கைத் தொட்டியின் பின்பக்கம் வைத்து எடுத்தால் திரி நன்றாகத் தெரியும்.