வீட்டுக்கு வெளியே மோஷன் சென்சார்: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் பக்கம் பல வருடங்களாக அலாரம், கேமரா, சென்சார் மாட்டும் வேலை செய்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே மாட்டிய சென்சார் காரணமில்லாமல் இரண்டு ராத்திரி கத்தினால், மூன்றாம் ராத்திரி வீட்டுக்காரர் அதை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார். அதன்பிறகு அது சுவரில் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும், சென்சார் எதையெல்லாம் பார்க்கக் கூடாது என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

கோத்தகிரி: அண்ணா, வீட்டைச் சுத்தி தேயிலை. பெட்டியில 12 மீட்டர்னு போட்டிருந்த சென்சாரை வாசல்ல, கீழ் பள்ளத்தைப் பார்த்த மாதிரி மாட்டினோம். கீழிருந்து நாங்களே நடந்து வந்தாலும் வீட்டுக்கிட்ட வந்தப்புறம்தான் அடிக்குது. சென்சார் பழுதா?

பழுதில்லைங்க, அது பார்க்கும் திசைதான் தப்பு. நீங்கள் மாட்டியது மாதிரி சூட்டைப் பார்க்கும் பி.ஐ.ஆர். (பாஸிவ் இன்ஃப்ராரெட்) சென்சார் எதையும் வெளியே அனுப்புவதில்லை. உடம்புச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். முன்னாலிருக்கும் லென்ஸ் அதன் பார்வையை விசிறி மாதிரிப் பல கீற்றுகளாகப் பிரிக்கிறது. ஒரு ஆள் ஒரு கீற்றிலிருந்து அடுத்த கீற்றுக்குக் குறுக்கே கடக்கும்போது சூடு சட்டென்று ஏறி இறங்கும். அந்த மாற்றம்தான் அதற்குத் தெரியும். நேராக அதை நோக்கியே நடந்து வருகிறவர் ஒரே கீற்றுக்குள் வெகுநேரம் இருப்பார், அதனால் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

உங்கள் இடத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. நல்ல வெளிப்புற சென்சார்களில் பல, தரையிலிருந்து 0.8 முதல் 1.2 மீட்டர் உயரத்தில் மாட்டுகிற வகை. மேல் கீற்று தரைக்கு இணையாகப் போகும், கீழ் கீற்று சாய்ந்து இறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் சூட்டைப் பார்த்தால்தான் அலாரம். நாய், முயல் கீழ் கீற்றில் மட்டும் படுவதால் அடிக்காது. சமவெளியில் இந்தக் கணக்கு அழகாக வேலை செய்யும். நம் ஊரில் தரை எங்கே மட்டமாக இருக்கிறது? 6 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு என்று வையுங்கள். 12 மீட்டர் தள்ளி நிலம் 2 மீட்டர் கீழே போய்விடும். 1 மீட்டர் உயரத்தில் கிளம்பிய மேல் கீற்று அங்கே ஆள் தலைக்கு மேலே, தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் போகும். திருடன் நிமிர்ந்தே நடந்து வரலாம். மேட்டைப் பார்த்து மாட்டினால் இதே தலைகீழ். 6 மீட்டரிலேயே மேல் கீற்று மண்ணில் முட்டும், அதற்குச் சற்று முன்னால் ஒரு பூனை போனாலும் இரண்டு கீற்றிலும் படும்.

பள்ளத்தையும் பார்க்க வேண்டாம், மேட்டையும் பார்க்க வேண்டாம். வீட்டின் மூலையில், தேயிலை வரிசை போகிற போக்கிலேயே, சரிவுக்குக் குறுக்காகத் திருப்புங்கள். அந்தத் திசையில் நிலம் ஏறக்குறைய மட்டம். நம் வீடுகளுக்கு வருகிறவர் மேலே ரோட்டிலிருந்து இறங்குவார், இல்லையென்றால் கீழே தோட்டத்திலிருந்து ஏறுவார். எப்படி வந்தாலும் எல்லாக் கீற்றையும் குறுக்கே வெட்டித்தான் வர வேண்டும். ஒரே திருப்பலில் இரண்டு சிக்கலும் தீரும். நான் பார்த்த முக்கால்வாசிப் புகார்கள் இந்த ஒன்றில்தான் தீர்ந்திருக்கின்றன.

ஊட்டி, தலைகுந்தா: சார், மார்கழி, தை மாசம் உறைபனி, மத்த மாசம் மேகமூட்டம். பத்தடி தள்ளி இருக்கிறது தெரியாது. இதுல சென்சாருக்கு மட்டும் தெரியுமா?

குளிர் மட்டும் இருந்தால் அது சென்சாருக்கு நல்லது. சுவரும் தரையும் சில்லென்று கிடக்கும்போது மனிதச் சூடு பளிச்சென்று தெரியும். வெயில் காலத்துச் சமவெளியில் சுவரே உடம்பளவு சூடாகிவிடுவதால் அங்கேதான் சென்சார் திணறும்.

மேகம் இறங்கினால் கதை வேறு. அதிலுள்ள நீர்த்துளிகள் அகச்சிவப்பைக் குடித்துவிடும், சென்சாரின் பார்வை குறையும். அதனால் பெட்டியில் 12 மீட்டர் என்றிருந்தால் நான் 8 மீட்டருக்கு மேல் நம்பி வேலை செய்வதில்லை. தூரம் அதிகமென்றால் இரண்டு சென்சார் வைக்கிறேன். லென்ஸ்மேல் படியும் பனியும் அதே அளவு கெடுக்கும். மேலே சின்னக் குடை போன்ற மூடி வைத்த மாடலாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஓட்டின் இறவாணத்துக்கு அடியில் மாட்டுங்கள். உறைபனிக் காலையில் வெயில் வந்ததும் ஈரத்துணியால் லென்ஸைத் துடைத்தால் போதும். தின்னர், பெட்ரோல் எதுவும் படக் கூடாது, அந்த லென்ஸ் வெறும் பாலிஎத்திலீன்.

எமரால்டு: மழைக்குத் தாங்குமா?

2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் பெய்த அவலாஞ்சிக்குப் பக்கத்திலிருந்து கேட்கிறீர்கள், நியாயமான கேள்வி. பெட்டியில் ஐ.பி. 65 (தூசி, தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் தர எண்) என்று போட்டிருந்தால் தூசி நுழையாது, குழாயால் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். ஆனால் நான் திறந்து பார்த்த ஈரப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் மழைத்தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. சமையலறையின் சூடான ஈரக்காற்று கேபிள் ஓட்டை வழியாகவே போய், குளிர்ந்த பெட்டிக்குள் வேர்த்திருந்தது. அதனால் சுவர் ஓட்டையை இரண்டு பக்கமும் சிலிகான் வைத்து அடையுங்கள். எறும்பும் சிலந்தியும் உள்ளே குடியேறாமலிருக்கவும் இதுதான் வழி. கேபிள் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் தூளி மாதிரி ஒரு வளைவு தொங்கட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

குன்னூர்: குரங்குத் தொல்லைங்க. வளர்ப்புப் பிராணிக்கு அடிக்காதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. பகல் முழுக்க அடிக்குது.

அவர்கள் சொன்னது தரையில் நடக்கும் நாய்க்குப் பொருந்தும். குரங்கு தகரத்தில் நடக்கும், பைப்பில் தொங்கும், சென்சாருக்கு அரையடி முன்னால் உட்காரும். சென்சாருக்கு எடை தெரியாது. பார்வையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் தெரியும். கிட்டத்தில் இருக்கும் குரங்கு, தூரத்தில் இருக்கும் மனிதனைவிடப் பெரிதாகத் தெரியும்.

பக்கத்தில் கிளை, கம்பி, பைப் எதுவும் இல்லாத வெறும் சுவராகப் பார்த்து மாட்டுங்கள். கேபிளை வெளியே தொங்கவிடாமல் பைப்புக்குள் விடுங்கள், பிடித்து இழுக்கத்தான் செய்யும். பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றால் அந்தச் சென்சார் இருக்கும் ஸோனை (அலாரத்தில் தனியாக அணைக்கக்கூடிய பகுதி) மட்டும் பகலில் அணைத்துவைப்பதில் தப்பில்லை.

அரவேணு பக்கம்: ஐயா, திருடனைவிட எங்களுக்குக் காட்டெருமையும் கரடியும்தான் பயம். ராத்திரி சத்தம் கேட்டு அப்பா டார்ச் எடுத்துட்டு வெளிய போயிடறார். சென்சார் மிருகத்தையும் ஆளையும் பிரிச்சுச் சொல்லுமா?

தம்பி, பிரித்துச் சொல்லாது. காட்டெருமை மனிதனைவிடப் பல மடங்கு பெரியது, இரண்டு கீற்றிலும் விழும், அலாரம் அடிக்கும். இதை நான் குறையாகவே நினைக்கவில்லை. நம் மலையில் வெளிச் சென்சாரின் முதல் வேலையே, இருட்டில் கதவைத் திறக்காதே என்று வீட்டுக்குள் இருப்பவருக்குச் சொல்வதுதான்.

ஆனால் வயரிங்கை அதற்குத் தகுந்த மாதிரி செய்ய வேண்டும். வெளிச் சென்சாரை நேராகப் பெரிய சைரனோடு இணைக்காதீர்கள். முற்றத்தில் நிற்கும் ஒரு டன் எடையுள்ள மிருகம் தலைக்கு மேல் சைரன் அலறினால் மிரண்டு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெளிச் சென்சார் அடித்தால் வீட்டுக்குள் ஒரு மெல்லிய பஸரும், வெளியே ஒரு நிதானமான விளக்கும் போதும். அப்பா ஜன்னல் வழியாகவோ கேமராவிலோ பார்க்கட்டும். கதவில், ஜன்னலில் இருக்கும் சென்சார் அடித்தால் மட்டும் பெரிய சைரன். எந்த நல்ல அலாரம் பேனலிலும் (எல்லா சென்சாரும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி) இப்படித் தனித்தனி ஸோனாகப் பிரிக்கலாம். உங்கள் வனச்சரக அலுவலக எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் பேனலுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எண்ணெயும் குப்பையும் பின்கட்டில் கிடந்தால் கரடி வந்துகொண்டேதான் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் இதைப் பொறுமையாகப் பேசுங்கள். பஸர் அடித்தால் முதலில் ஜன்னல் என்பதை இரண்டு நாள் பழக்கிவிடுங்கள். சென்சார் மாட்டும் வேலையைவிட இது முக்கியம்.

கூடலூர்: சென்சார் அடிச்சா வேலியில தானா கரண்ட் வர்ற மாதிரி பண்ணலாமா?

கூடாது. வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவது சட்டப்படி குற்றம், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையையும் அது கொல்லும். யானை, காட்டெருமை, கரடி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. இந்த வேலைக்கு யார் கூப்பிட்டாலும் நான் போவதில்லை. சோலார் வேலி வேண்டுமென்றால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு முறையாகப் போடுங்கள்.

மஞ்சூர்: கேட் வீட்டிலிருந்து 100 மீட்டர். சென்சார், சைரன் இரண்டையும் அங்கே வைக்கணும். சாதாரண அலாரம் கேபிள் போதுமா?

சென்சாருக்குப் போதும், சைரனுக்குப் போதாது. கேபிளில் 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்று வையுங்கள், அதற்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 36 ஓம் தடை. போக வர 200 மீட்டர் என்றால் ஏறக்குறைய 7 ஓம். சென்சார் இழுப்பது 30 மில்லிஆம்ப் போல, வழியில் 0.2 வோல்ட்தான் போகும். சைரன் அரை ஆம்ப் இழுத்தால் மூன்றரை வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும், 12 வோல்ட் 8 சொச்சமாகத்தான் போய்ச் சேரும். சைரனை வீட்டிலேயே வையுங்கள்.

கம்பியில் யாராவது கை வைத்தால் பேனலுக்குத் தெரிவதற்காக லைன் கடைசியில் போடும் ரெஸிஸ்டரை (சின்ன மின்தடை) சென்சார் பெட்டிக்குள் போடுங்கள். வேலை சுலபம் என்று பலர் பேனலிலேயே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் வழியில் யாராவது இரண்டு கம்பியையும் ஒட்டிவிட்டால் பேனலுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று, சித்திரை இடியும் ஐப்பசி இடியும். 100 மீட்டர் கம்பி மின்னலின் மின்தாக்கத்தை இழுத்துவந்து பேனலில் இறக்கும். இரண்டு முனையிலும் அந்தத் தாக்கத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் நல்ல எர்த்தும் வேண்டும். நம் பாறை நிலத்தில் நல்ல எர்த் கிடைப்பது சிரமம். அந்தத் தூரத்துக்கு நானாக இருந்தால் வயர்லெஸ் போடுவேன்.

வெலிங்டன்: பழைய கல் பங்களா. வயர்லெஸ் எடுக்குமா?

ஒன்றரை அடிக் கல்சுவர் சிக்னலை நிறையவே குடிக்கும். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் ஓடும் வயர்லெஸ் செட், வைஃபை சென்சாரைவிட நன்றாகச் சுவரைத் தாண்டும். சென்சார்களின் சிக்னலை வாங்கும் ஹப்பை அலமாரிக்குள் ஒளிக்காமல் ஜன்னலோரம் வையுங்கள். ஓட்டை போடுவதற்கு முன் சென்சாரைக் கையில் பிடித்துச் சிக்னல் பாருங்கள். பேட்டரி லித்தியமாக இருக்கட்டும், ஆல்கலைன் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

பந்தலூர்: மழைக்காலத்தில் மரம் விழுந்தால் இரண்டு நாள் கரண்ட் இருக்காது.

7 ஆம்ப்-அவர் பேட்டரி, பேனல் 150 மில்லிஆம்ப் இழுத்தால் கணக்குப்படி 46 மணி நேரம். குளிரையும் பேட்டரி வயதையும் கழித்தால் 30 என்று வையுங்கள். உங்களுக்கு இரண்டு பேட்டரி வேண்டும்.

அருவங்காடு: காலை ஏழு மணிக்கும், சாயங்காலம் குளிக்கத் தண்ணி காய வைக்கும்போதும் சரியா அடிக்குது. என்ன காரணம்?

காலையில் வெயில், சாயங்காலம் உங்கள் வெந்நீர் பாய்லர். கிழக்குப் பார்த்த சென்சார் எதிரில் தகர ஷெட் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். மேகம் விலகிய நிமிஷத்தில் தகரம் சுடச்சுட ஆகும். பாய்லர் புகைக்குழாயும் குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழியும் ஆவி கக்கும் இடங்கள். சென்சாரை வடக்கு அல்லது தெற்குப் பக்கம் திருப்புங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கக் கீற்றுகளை மட்டும் மறைக்கப் பெட்டியோடு ஒட்டுத்தாள் தருவார்கள், லென்ஸின் உள்பக்கம் ஒட்டுங்கள். துணிக்கொடியும் மேரக்காய்ப் பந்தலும் பார்வையில் விழுந்தால் இதே தொல்லைதான். காற்றுக் காலத்தில் விடாது.

கேத்தி: நான் தனியா இருக்கேன் தம்பி, வயசு அறுபத்தேழு. ஒரே ஒரு சென்சார் வாங்கத்தான் காசு இருக்கு. எங்க வைக்கட்டும்?

அம்மா, முன்வாசலில் வேண்டாம். அங்கே ரோட்டு விளக்கும் பக்கத்து வீட்டுக் கண்ணும் இருக்கும். பின்கதவுக்குப் போகும் நடைபாதையில், பாதைக்குக் குறுக்கே பார்க்கிற மாதிரி வையுங்கள். சுவரில்தான் மாட்ட வேண்டும், சில்வர் ஓக் மரத்தில் வேண்டாம். மரம் ஆடினால் சென்சாரும் ஆடும். பஸர் உங்கள் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் சம்மதித்தால் அங்கேயும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.

மாட்டுகிறவர் பகலில் சட்டையோடு நடந்து காட்டி, சிவப்பு விளக்கு எரிகிறது பாருங்கள் என்று கிளம்பிவிடுவார். அவரைச் சாயங்காலம் மேகம் இறங்கும்வரை இருக்கச் சொல்லுங்கள். தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு, மெதுவாக, சுவரோரமாக நடக்கச் சொல்லுங்கள். திருட வருகிறவர் அப்படித்தான் வருவார், கம்பளி உடம்புச் சூட்டையும் மறைக்கும். அப்போதும் பஸர் அடித்தால் பணத்தைக் கொடுங்கள்.