சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து மெக்சிகோவின் காபோ சான் லூகாஸ் வரை பாய்மரப் படகில் நண்பர்களுடன் போக எப்படித் தயாராவது?

கேள்வியின் விவரம் இது: கணவன் மனைவி இருவர், கூட ஒரு நண்பர் தம்பதி, 36 அடிப் படகு, அக்டோபரில் புறப்பாடு.

படகைத் தொடுவதற்கு முன் நண்பர்களிடம் அவர்கள் ஊர் திரும்பும் விமான டிக்கெட்டைப் பற்றிப் பேசிவிடுங்கள். எந்த ஊரில் இறங்குவார்கள் என்று சொல்லலாம், அல்லது எந்தத் தேதியில் இறங்குவார்கள் என்று சொல்லலாம். இரண்டையும் சேர்த்து வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டால், கரையில் காத்திருக்க வேண்டிய நாளில் கடலுக்குப் போவீர்கள்.

சான் டியாகோ வரை சுமார் 450 நாட்டிகல் மைல், அங்கிருந்து காபோவுக்கு 750. சராசரி 5 நாட் (மணிக்கு 5 நாட்டிகல் மைல்) என்று வைத்தால் நாளுக்கு 120 மைல், ஆக மொத்தம் பத்து நாள் ஓட்டம். அதற்கு ஐந்து வாரம் ஒதுக்குங்கள். கிழக்குப் பசிபிக்கில் சூறாவளிப் பருவம் மே 15 முதல் நவம்பர் 30 வரை. நவம்பர் 1-க்கு முன் மெக்சிகோ கடலில் நடக்கும் சேதத்துக்குப் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் ஈடு தருவதில்லை. எனவே அக்டோபரைக் கலிபோர்னியாவிலேயே நிதானமாகக் கழித்துவிட்டு, நவம்பர் தொடக்கத்தில் எல்லை தாண்டுவதே சரி.

கோல்டன் கேட்டுக்கு வெளியே மணல்திட்டு இருக்கிறது. ஓதம் (கடல் நீரின் ஏற்ற இறக்கம்) வேகமாக வற்றும்போது அந்த நீரோட்டம் உள்ளே வரும் பெரிய அலைகளோடு மோதி அவற்றைச் செங்குத்தாக்கும். ஓட்டம் தணிந்திருக்கும் நேரம் பார்த்து, கப்பல் கால்வாய் வழியாகவே வெளியேறுங்கள். மான்டரேக்குத் தெற்கே பிக் சர் கரையில் ஏறக்குறைய நூறு மைலுக்கு நல்ல துறைமுகம் கிடையாது. மொரோ பே நுழைவாயிலில் அலை உடைந்தால் உள்ளே போக முயல வேண்டாம். கடலிலேயே இருப்பது பத்திரம்.

பாயின்ட் கன்செப்ஷன் முனைதான் கலிபோர்னியாப் பாதியில் கடினமான இடம். பிற்பகலில் வடமேற்குக் காற்று முனையைச் சுற்றி முடுக்கெடுக்கும், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே பெரும்பாலும் அடங்கும். அந்த நேரத்தில் முனையில் இருக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். அதைத் தாண்டியதும் குளிர் விடும், கம்பளிச் சட்டை கழலும். ஆனால் அங்கே வேறொரு கவலை: இலையுதிர் காலத்தில் பாலைவனத்திலிருந்து அடிக்கும் சான்டா அனா காற்று. வடகிழக்கிலிருந்து வருவதால், வழக்கமாக அமைதியான கேட்டலினா தீவின் ஆவலான் போன்ற இடங்கள் திடீரென அலை மோதும் கரையாகிவிடும். முன்னறிவிப்பில் அந்தப் பெயர் வந்தால் அங்கே நங்கூரமிடாதீர்கள்.

வழி முழுக்கக் காற்று பின்னாலிருந்து வரும் என்பதால் சுலபம் என்று தோன்றும். உண்மையில் ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சுக்கான் பிடிப்பவர் சற்று அசந்தால் பாய் மறுபக்கம் பாயும். அதோடு வரும் பூம் (பாயின் அடியைத் தாங்கும் கழி) தலையில் பட்டால் உயிர் போகும். இதற்குத் தடுப்புக் கயிறு கட்டாயம். பூமின் நுனியில் கட்டி, படகின் முன்முனையான அணியத்தில் ஒரு கப்பி வழியாகத் திருப்பி, சுக்கான் பிடிப்பவர் இருக்கும் காக்பிட்டுக்குக் கொண்டுவாருங்கள். பலர் சோம்பலில் பூமின் நடுவில் கட்டுகிறார்கள். படகு உருண்டு பூமின் நுனி தண்ணீரில் முங்கினால் அது கட்டிய இடத்திலேயே முறியும். பின்காற்றில் வேகம் உறைக்காது என்பதால், இருட்டும் முன் பாயை ஒரு மடிப்புச் சுருக்கிவிடுங்கள்.

அடுத்தது டீசல். படகு பக்கவாட்டில் உருளும்போது டாங்கின் அடியில் படிந்த கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் ஒலி ஏறி இறங்கி, பிறகு நின்றுவிடும், அதுவும் துறைமுக வாயிலில். கிளம்பும் முன் டாங்கைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். முதல் ஃபில்டர் ஆறு, எஞ்சினோடு ஒட்டிய ஃபில்டர் மூன்று, தண்ணீர் பம்ப் இம்பெல்லர் இரண்டு, பெல்ட் ஒன்று உபரியாக வேண்டும். ஃபில்டர் மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையை நால்வரும் கட்டுத்துறையில் ஒருமுறை செய்து பார்க்கட்டும். எல்லைக்கு அருகே உள்ள என்செனாடாவை விட்டால் அடுத்த நல்ல ஒதுங்கிடமான பாஹியா டோர்ட்டுகாஸ், சான் டியாகோவிலிருந்து ஏறக்குறைய 350 மைல். காற்றே இல்லாவிட்டால் 70 மணி நேர எஞ்சின். மணிக்கு 3 லிட்டர் என்றால் 210 லிட்டர். டாங்க் கொள்ளாததை 20 லிட்டர் கேன்களில் கட்டிக்கொள்ளுங்கள். கெல்ப் பாசி சுற்றி எஞ்சின் திணறினால் நியூட்ரலுக்கு வந்து, சில விநாடி பின்னோக்கி ஓட்டினால் பெரும்பாலும் அவிழும்.

நால்வர் இருந்தால் இரவில் ஆளுக்கு மூன்று மணி நேரக் காவல், ஒன்பது மணி ஓய்வு. முதல் இரவு மட்டும் இருவராக நில்லுங்கள். இருட்டில் இன்னொருவரை எழுப்பாமல் யாரும் காக்பிட்டை விட்டு முன்னே போகக் கூடாது. போகும்போது படகோடு பிணைக்கும் பாதுகாப்பு வார் மாட்டியிருக்க வேண்டும். ஆள் விழுந்தால் மீட்கும் பயிற்சியைக் கேப்டனே விழுந்ததாக வைத்துச் செய்யுங்கள். பாய் வேலைக்கு முன்னே போகிறவர் பெரும்பாலும் அவர்தான். பின்னே இருக்கும் துணைக்குப் படகை நிறுத்தவும், எஞ்சின் போடவும், கப்பி வைத்து ஒருவரை மேலே தூக்கவும், ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் பேசவும் தெரிய வேண்டும். தம்பதிப் பயணங்களில் இதைத்தான் அதிகம் தள்ளிப்போடுகிறார்கள், அது என்னைக் கவலைப்பட வைக்கிறது.

மெக்சிகோவுக்குள் நுழைய என்செனாடா வசதி. அலுவலகங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. பாஸ்போர்ட், படகின் அசல் பதிவுச் சான்று, மெக்சிகோவில் செல்லுபடியாகும் மூன்றாம் நபர் காப்பீடு, பத்தாண்டு செல்லும் தற்காலிக இறக்குமதி அனுமதி எல்லாம் தேவை. படகைப் பழையதாக வாங்கியிருந்தால், முந்தைய உரிமையாளர் எடுத்த அனுமதி ரத்தாகியிருக்கிறதா என்று மாதங்களுக்கு முன்பே பாருங்கள். ரத்தாகாமல் இருந்தால் புதியது கிடைக்காது. தூண்டில் சாமான் படகில் இருந்தால் நால்வருக்கும் மீன்பிடி உரிமம் வாங்கிவிடுங்கள்.

பாஹா கரையில், அதாவது காபோ வரை நீளும் மெக்சிகோத் தீபகற்பத்தின் கரையில், சில பகுதிகளின் வரைபடங்கள் பழைய அளவீடுகள். திரையில் தெரியும் கரையும் உண்மைக் கரையும் விலகியிருக்கலாம். இரவில் ஜிபிஎஸ்-ஐ மட்டும் நம்பி நங்கூரத் துறைக்குள் போகாதீர்கள், விடியும் வரை வெளியே சுற்றுங்கள். சான் ஜெரோனிமோ தீவுக்குத் தெற்கே உள்ள சாக்ரமென்டோ ரீஃப் போன்ற பாறைத் திட்டுகளை நன்றாக வெளியே ஒதுங்கிக் கடக்க வேண்டும்.

நண்பர்கள் காபோவிலிருந்து விமானம் ஏறிவிடுவார்கள். படகு திரும்பும் வழியில் அதே காற்றும் நீரோட்டமும் முகத்தில் அடிக்கும், அதுவும் உங்கள் இருவருக்கு மட்டும். மெக்சிகோவின் லா பாஸ் நகரில் குளிர்காலத்தைக் கழிப்பதா, லாரியில் ஏற்றி அனுப்புவதா, இரவு இரண்டு மணிக்குக் கிளம்பிக் காற்று எழும் முன் அடுத்த ஒதுங்கிடம் சேரும் முறையில் மெல்ல ஏறி வருவதா என்பதைச் சான் டியாகோவை விடும் முன்பே முடிவு செய்யுங்கள். கடைசி வழியென்றால் ஃபில்டர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள்.