வாய்ப்பாடு ஒப்பிக்காத பிள்ளை பின்தங்கிவிடுமா?

அன்புள்ள தங்கைக்கு,

தேவகோட்டையிலிருந்து நெதர்லாந்தின் உத்ரெக்ட்டுக்குக் குடிவந்து, ஆறு வயதுப் பையனை அங்கே மாண்டிசோரி பள்ளியில் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப்பாடம் இல்லை, மதிப்பெண் இல்லை, அவரவர் வேலையை அவரவரே தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரில் அவன் வயதுப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது இவன் பின்தங்கிவிடுவானோ என்று அப்பத்தா தினமும் போனில் கேட்கிறார், என்ன சொல்வது என்கிறீர்கள்.

பின்தங்கமாட்டான். என் இரண்டு பிள்ளைகளும் நெதர்லாந்தில் இதே முறையில்தான் படிக்கிறார்கள். இப்போது கோடை விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருப்பதால் சாவகாசமாக எழுத முடிகிறது.

முதலில் ஒரு விவரம். அந்த நாட்டில் பிள்ளைகள் நான்கு வயதில் பள்ளிக்குப் போனாலும், வாசிப்பை முறையாகத் தொடங்குவது மூன்றாம் குரூப்பில் (அங்கே வகுப்பைக் குரூப் என்பார்கள்), ஆறு வயதையொட்டித்தான். எந்த வகைப் பள்ளியானாலும் அப்படித்தான். ஆகவே உங்கள் பையன் தொடங்க வேண்டிய நேரத்தில்தான் தொடங்குகிறான்.

அவன் வகுப்பில் பொன்னிற மணிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம். 2,346-உம் 1,728-உம் கூட்ட வேண்டுமென்றால் இரண்டையும் பாயில் பரப்பி ஒன்றாகச் சேர்க்கிறான். ஒற்றை மணிகள் பதினான்கு வந்ததும் பத்தைக் கொடுத்துவிட்டு ஒரு கம்பியை வாங்கி வருகிறான். நாம் ‘நாலு போட்டு ஒன்று மீதி’ என்று காரணம் தெரியாமல் ஒப்பித்ததை அவன் கையால் செய்து பார்க்கிறான். ஆயிரம் என்பது எவ்வளவு கனம் என்று அவன் உள்ளங்கைக்குத் தெரியும். ஒருத்தி இதைச் சில நாளில் முடித்துவிட்டுத் தாளில் கணக்குப் போடுவாள். இன்னொருவன் மாதக்கணக்கில் மணிகளோடேயே இருப்பான். அவனை யாரும் மக்கு என்பதில்லை. ஆறிலிருந்து ஒன்பது வயது வரையிலான பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதால், யார் முந்தி யார் பிந்தி என்று ஒப்பிடுவதும் அங்கே குறைவு. ஆசிரியை சும்மா இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். யார் எதை எத்தனை தடவை எடுத்தார்கள், எதைத் தொடவே இல்லை என்று குறித்துக்கொண்டே இருப்பார்.

இதனால் என்ன பலன் என்று கேட்டால், நேற்று எங்கள் வீட்டு அடுப்படியில் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே டம்ளரின்மேல் நிற்கிற அளவுக்கு உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது நம் பக்கத்து அளவு. என் ஒன்பது வயது மகள், டம்ளருக்குப் பதில் வாயகன்ற கிண்ணத்தில் அளந்தால் உளுந்து கூடிவிடுமே என்று ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், கேட்டாள். பிறகு அவளே டம்ளரையும் கிண்ணத்தையும் எடுத்துவைத்து, இரண்டின்மேலும் நின்ற உளுந்தைக் கரண்டியால் அளந்து எழுதினாள். மாவு அரைக்க நேரமாகிறது என்று ஆயா கடிந்தும் பாதியில் எழவில்லை. எந்தப் பரீட்சைக்கும் இல்லாத அந்தக் கேள்வி அவளுக்கே தோன்றியதும், விடை கிடைக்கும்வரை அவள் உட்கார்ந்திருந்ததும் எனக்குப் பெரிய சொத்தாகத் தெரிகிறது.

என் வீட்டுக் கதை போதாது என்றால் ஓர் ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கியில் குலுக்கலில் மாண்டிசோரி இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காமல் வேறு பள்ளிகளுக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். 2006-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஐந்து வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் மாண்டிசோரிப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். பன்னிரண்டு வயதில் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அவர்கள் எழுதிய கதைகளில் கற்பனையும் வாக்கிய நயமும் கூடுதலாக இருந்தன.

அப்பத்தாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இந்தக் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். கடைசியில் 1952-இல் காலமானது நெதர்லாந்தின் நோர்ட்வைக்கில்.

கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். 1917-இல் அந்நாட்டு அரசியல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து இத்தகைய பள்ளிகளுக்கும் அரசே செலவைத் தருகிறது. பெற்றோரிடம் நன்கொடை கேட்பார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் ஐந்து வயதிலிருந்து கல்வி கட்டாயம் என்பதால் மாசி-பங்குனித் திருவிழாவுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய்வர விடுப்பு கிடைக்காது; சொல்லாமல் போனால் அபராதம் வரும்.

நீங்கள் கவனம் வைக்க வேண்டிய இடம் எட்டாம் குரூப். சுமார் பன்னிரண்டு வயதில், எந்த வகை உயர்நிலைப் பள்ளி என்று ஆசிரியர் பரிந்துரைப்பார். பொதுத் தேர்வும் உண்டு. அதில் அவன் பரிந்துரையைவிட மேலே வந்தால் பொதுவாகப் பரிந்துரையை உயர்த்த வேண்டும் என்பது இப்போதைய விதி. சில பிள்ளைகள் பிடிக்காத வேலையை நாசூக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள். ஆறாம் குரூப்பிலிருந்தே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் முழுக்க உங்கள் பொறுப்பு. பள்ளி அதற்கு உதவாது.

பள்ளி திறந்ததும் ஆசிரியையோடு பத்து நிமிடச் சந்திப்பு இருக்கும். அதில் ‘என் பையன் எத்தனையாவது இடம்’ என்று கேட்க வேண்டாம். எந்த வேலையை அவன் திரும்பத் திரும்ப எடுக்கிறான், எதைக் கண்டால் ஒதுங்குகிறான் என்று கேளுங்கள். ஒரு காலைப்பொழுது வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதியும் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.