பி.எஸ்.ஏ. ஏறினால் மருந்து கேட்கவில்லை என்று அர்த்தமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பரவிய புரொஸ்டேட் புற்றுநோய் பற்றியவை. எல்லார் கடிதத்திலும் பி.எஸ்.ஏ. வருகிறது: புரொஸ்டேட் கலங்கள் சுரக்கும் புரதம், ரத்தத்தில் அளப்பது. எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: மருந்து இனி வேலை செய்யுமா என்பதை ரத்தத்தில் பார்த்துச் சொல்லலாமா?

அப்பாவுக்கு 74 வயது. எலும்புக்குப் பரவியது, ஒன்றரை வருடமாக ஹோர்மோன் ஊசி. பி.எஸ்.ஏ. 0.8 வரை இறங்கி இப்போது 1.9. மருந்து தோற்றுவிட்டதா? (உவர்மலை)

இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆகக் குறைந்த அளவிலிருந்து 25 வீதம் ஏற வேண்டும், அந்த ஏற்றம் 2 புள்ளியாவது இருக்க வேண்டும், மூன்று கிழமை கழித்து எடுத்தாலும் அப்படியே நிற்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஏறியது 1.1. அதே லாபில் திரும்ப எடுங்கள். லாபை மாற்றாதீர்கள், மெஷினுக்கு மெஷின் அளவு வித்தியாசப்படும்.

பி.எஸ்.ஏ. 18. பயப்பட வேண்டுமா? (மூதூர்)

வயது இல்லை, முந்தைய அளவு இல்லை, என்ன மருந்து என்று இல்லை. 200இலிருந்து இறங்கி வந்த 18 நல்ல செய்தி. 2இலிருந்து ஏறிய 18 அப்படியல்ல. கிளினிக் புத்தகத்தைப் பார்த்து முழு விபரத்தையும் எழுதுங்கள், பதில் தருகிறேன்.

கனடாவில் இருக்கும் தம்பி, 'ஏஆர்-வி7' பரிசோதனை செய்யச் சொல்லிக் காசு அனுப்புகிறேன் என்கிறார். அப்பாவின் பி.எஸ்.ஏ. 4இலிருந்து 11 ஆகிவிட்டது. வீட்டில் கலியாணம் என்பதால் போன ஊசி ஐந்து கிழமை பிந்தித்தான் போட்டோம். (லிங்கநகர்)

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி கடைசி வரிதான், அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஊசி ஐந்து கிழமை பிந்தினால், அந்த ஊசி அடக்கிவைக்கும் ஆண் ஹோர்மோனான டெஸ்டஸ்டெரோன் திரும்ப ஏறியிருக்கலாம். அது ஏறினால் பி.எஸ்.ஏ.யும் ஏறும். அதற்குப் பெயர் மருந்து எதிர்ப்பு இல்லை, மருந்து உடம்பில் இல்லாமல் போனது. டெஸ்டஸ்டெரோன் டெசிலீட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தும் பி.எஸ்.ஏ. ஏறினால்தான் எதிர்ப்பு என்ற பேச்சே வரும். (சில லாப்கள் லீட்டருக்கு 1.7 நானோமோல் என்று போடும், அதே எல்லைதான்.)

இதை நான் எத்தனை தரம் எழுதினாலும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. புத்தகத்தைப் புரட்டினால் பி.எஸ்.ஏ. பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கும், டெஸ்டஸ்டெரோன் ஒருமுறைகூட இருக்காது. அதைப் பார்க்காமலே மருந்தை மாற்றி, பக்கவிளைவையும் செலவையும் ஒரு வயோதிபர் தலையில் கட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. சாதாரண லாபில் செய்யும் பரிசோதனை அது. நாளைக்கே எடுங்கள். அப்பா தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை போடுபவரானால் இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். சில மெஷின்களில் அது டெஸ்டஸ்டெரோனைக் கூட்டியும் பி.எஸ்.ஏ.யைக் குறைத்தும் காட்டிவிடும்.

சரி, ஏஆர்-வி7. ரத்தத்தில் சுற்றும் புற்றுக் கலங்களில் இதைத் தேடுவார்கள். ஹோர்மோன் வந்து ஒட்டும் பகுதியே இல்லாத குட்டையான ஏற்பி இது. ஹோர்மோன் இல்லாமலே கலத்தைத் தூண்டிக்கொண்டிருக்கும். ஹோர்மோனைத் தடுக்கிற அபிராட்டெரோன், என்சலுட்டமைட் இரண்டுக்கும் அது மசியாததன் காரணம் அதுதான். 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 62 பேரைப் பார்த்தார்கள். ஏஆர்-வி7 இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட இந்த மாத்திரைகளால் பி.எஸ்.ஏ. பாதியாகக் குறையவில்லை. டொசிடாக்செல் போன்ற கீமோ மருந்துகள் அப்படிப்பட்டவர்களுக்கும் வேலை செய்யலாம் என்று அடுத்த வருடம் தெரிந்தது. ஆக, இந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று பயன்படாமல் போய், மற்றதற்கு மாறுவதா கீமோவுக்குப் போவதா என்று டொக்டர் யோசிக்கும் இடத்தில்தான் இதற்குப் பிரயோசனம். இல்லை என்று ரிப்போட் வந்தாலும் மாத்திரை வேலை செய்யும் என்று உறுதி கிடையாது. உங்கள் அப்பா அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. தம்பியின் காசு பத்திரமாக இருக்கட்டும், அடுத்த ஊசித் தேதியைக் கலண்டரில் குறியுங்கள்.

வாப்பாவுக்கு ரத்தத்தில் டிஎன்ஏ பார்க்க வேண்டுமாம். இங்கே ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பலாமா? (கிண்ணியா)

அனுப்பலாம் மகள், ஆனால் குழாய் எது என்று முதலில் கேளுங்கள். சாதாரண குழாயில் எடுத்து, வான் வண்டியில் 260 கிலோமீட்டர் கச்சான் வெயிலில் போனால் வெள்ளை அணுக்கள் உடைந்து, அவற்றின் டிஎன்ஏ கலந்து, புற்றின் டிஎன்ஏ அதற்குள் அமுங்கிப் போகும். அணுக்கள் உடையாமல் காக்கும் விசேஷ குழாய் இருக்கிறது. அது இல்லையென்றால் எடுத்த சில மணித்தியாலத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். இன்னொன்று: பி.எஸ்.ஏ. நன்றாக அடங்கியிருக்கும்போது எடுக்காதீர்கள், புற்றின் டிஎன்ஏ போதாமல் பொய்யாக 'இல்லை' என்று வரும். பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் ஒலாபரிப் என்ற மருந்துக்கு வழி திறக்கும். அந்த மாற்றம் பிறப்பிலேயே வந்தது என்றால் உங்களுக்கும் சகோதரங்களுக்கும் ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அதனால் ரிப்போட் வந்ததும் நீங்களும் டொக்டரிடம் பேச வேண்டும்.

ஊசி தொடங்கி ஒரு மாதம். பி.எஸ்.ஏ. இறங்குகிறது, ஆனால் அல்கலைன் பொஸ்பட்டேஸ் ஏறுகிறது. (நிலாவெளி)

அது எலும்பிலிருந்தும் வரும் ஒரு நொதி. எலும்பு ஆறும்போதும் ஏறும். பி.எஸ்.ஏ. இறங்கி, நோவும் குறைகிறதென்றால் பொறுங்கள்.

எல்டிஎச் 600 என்று வந்து வீடே அழுகிறது. ரிப்போட்டின் கீழே 'ரத்தம் உடைந்த மாதிரி' என்று எழுதியிருக்கிறது. (சாம்பல்தீவு)

கீழே எழுதியதையும் வாசியுங்கள் ஐயா! எல்டிஎச் கலங்களுக்குள் இருக்கும் நொதி, சிவப்பணு உடைந்தால் ஏறத்தான் செய்யும். திரும்ப எடுங்கள்.

பி.எஸ்.ஏ. 0.5தான், ஆனால் அப்பா மெலிந்துகொண்டே போகிறார். ஸ்கேனில் ஈரலில் கட்டி என்கிறார்கள். குரோமோகிரானின் எடுத்தால் போதுமா? (தம்பலகாமம்)

போதாது. பி.எஸ்.ஏ. சுரக்காத வேறு விதமான கலமாகப் புற்று மாறியிருக்கலாம், அப்படியானால் பி.எஸ்.ஏ. நம்மை ஏமாற்றும். அப்படி மாறிய கலங்கள் விடக்கூடிய புரதம்தான் குரோமோகிரானின், ஆனால் அது வயிற்றெரிவுக்குப் போடும் ஒமெப்ரசோலாலும் ஏறும், சிறுநீரகம் பழுதானாலும் ஏறும். ஈரல் கட்டியில் ஊசி போட்டுத் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே போங்கள்.