ஈடிபஸ் செய்த தவறுதான் என்ன?

கிரேக்கத் துன்பியல் நாடகங்களைக் கல்லூரியில் பல வருடம் நடத்தியவன் என்பதால் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். சரி. கதை தெரியாதவர்களுக்கு முதலில் நாலு வரி. பிறக்கும் மகன் தன்னைக் கொல்வான் என்று டெல்ஃபியில், அப்போலோ தெய்வத்தின் கோயிலில், குறி கேட்ட தீப்ஸ் நகர அரசன் லேயஸ், குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்து மலையில் போட்டுவிட்டு வரச் சொல்கிறான். குழந்தை பிழைத்து, கொரிந்து அரண்மனையில் ஈடிபஸ் என்ற பெயரில் வளர்கிறது. பெரியவனான பின் அவனுக்கும் டெல்ஃபியில் குறி வருகிறது: தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய். பயந்துபோய் கொரிந்துக்குத் திரும்பாமல் ஓடுகிறான். வழியில் யாரென்று தெரியாமல் லேயஸைக் கொல்கிறான். ஸ்ஃபிங்ஸ் என்ற அரக்கி போட்ட விடுகதையை அவிழ்த்து தீப்ஸுக்கு அரசனாகி, விதவையான அரசி யோகாஸ்டாவை மணக்கிறான். இதற்கெல்லாம் பல வருடம் கழித்து, நகரத்தைக் கொள்ளைநோய் தின்றுகொண்டிருக்கும் ஒரு நாளில்தான் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் தன் ‘ஈடிபஸ் அரசன்’ நாடகத்தைத் தொடங்குகிறார்.

பி.ஏ. மாணவி: சார், ஈடிபஸின் ஹமார்தியா, அதாவது அவனை வீழ்த்திய தவறு, ஆணவம் என்று எழுதலாமா? நோட்ஸில் அப்படித்தான் இருக்கிறது.

எழுதுங்கள், மார்க் வரும். ஆனால் நம்பிவிடாதீர்கள். ஹமார்தியா என்ற சொல் இலக்கு தப்புவதைக் குறிப்பது. எய்த அம்பு இலக்கில் படாமல் போனால் அதற்கும் அந்த வினைதான். ‘கவிதையியல்’ நூலின் 13ஆம் பகுதியில் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் சொல்வது இவ்வளவுதான்: நாயகன் அப்பழுக்கற்ற உத்தமனும் அல்ல, கெட்டவன் என்பதால் வீழ்பவனும் அல்ல, ஏதோ ஒரு ஹமார்தியாவால் வீழ்பவன். யார் யாரென்று தெரியாமல் செய்த பெரும்பிழை என்று அதைப் படித்தால் ஈடிபஸ் கச்சிதமாகப் பொருந்துகிறான். ‘குணக்கேடு’ என்று மொழிபெயர்த்தது பின்னால் வந்தவர்கள். அப்புறம் ஒவ்வொரு நாயகனுக்கும் ஒரு கெட்ட குணத்தைத் தேடி ஒட்டும் வேலை வகுப்பறைகளில் ஆரம்பித்துவிட்டது. நானும் சில வருடம் அதைச் செய்தவன்தான்.

அதே மாணவி: அப்படியானால் ஆணவம் என்று நாங்கள் படிக்கும் ஹூப்ரிஸ் என்பது?

ஆதன்ஸில் ஹூப்ரிஸ் ஒரு குற்றத்தின் பெயர். அதற்கென்று சட்டம் இருந்தது, வழக்குப் போடலாம். மனசுக்குள் கர்வமாக இருப்பது அல்ல, இன்னொருவனை வெளிப்படையாக அவமானப்படுத்துவது. அதுவும் லாபத்துக்காகவோ பழிவாங்கவோ இல்லாமல், அந்த அவமானத்தைப் பார்க்கும் சுகத்துக்காக. ‘பேச்சுக்கலை’ நூலில் அரிஸ்டாட்டில் தரும் விளக்கம் இதுதான். கி.மு. 348இல் டயோனைசஸ் திருவிழாவின்போது, நாடக அரங்கிலேயே, மைடியாஸ் என்ற பணக்காரன் பேச்சாளர் டெமோஸ்தனீஸை முகத்தில் அடித்தான். டெமோஸ்தனீஸ் அப்போது திருவிழாவில் பாடும் ஒரு பாடற்குழுவின் செலவை ஏற்று நடத்திக்கொண்டிருந்தவர். அந்த அடியை அவர் தன் உரையில் ஹூப்ரிஸ் என்கிறார். அந்த ஊர்க்காரனுக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் இப்படிப்பட்ட காட்சிதான் மனதில் வரும்.

நாடகத்தில் இதைத் தெளிவாகப் பார்க்க சோஃபக்ளீஸுக்கு மூத்த நாடகாசிரியர் எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ படியுங்கள். கிரேக்கர்கள் பாரசீகரை வென்ற சலாமிஸ் கடற்போர் நடந்தது கி.மு. 480, நாடகம் 472. எட்டே வருடம். அதற்கு முன் மாரத்தானில் பாரசீகரோடு போரிட்ட மனிதர் எழுதியது. மேடையில் ஒரு கிரேக்கன்கூட இல்லை. தோற்றவன் வீட்டு ஒப்பாரியை ஜெயித்த ஊர் உட்கார்ந்து கேட்கிறது. செத்துப்போன பாரசீக அரசன் டேரியஸ் ஆவியாக எழுந்து, கடலுக்கே பாலம் கட்டிய தன் மகன் செர்க்சீஸைக் குறைசொல்கிறான். கோயில்களை எரித்த படையைப் பற்றியும் பேசுகிறான்: ஹூப்ரிஸ் பூத்தால் அழிவு கதிராக விளையும், அறுவடை முழுக்கக் கண்ணீர். ‘ஆணவம் அழிக்கும்’ என்ற வாய்பாடு வேண்டுமானால் அது இந்த நாடகத்தில் இருக்கிறது. ஈடிபஸுக்கு அதை ஏன் மாட்டிவிட வேண்டும்?

நாடக நடிகர் ஒருவர்: எல்லாம் விதிப்படி நடந்தது என்றால் ஈடிபஸ் வெறும் பொம்மைதானே? எதை வைத்து நடிப்பது?

குறி என்ன சொன்னது என்று எண்ணிப் பாருங்கள். தந்தையைக் கொல்வது, தாயை மணப்பது. முதல் வசனம் பேசப்படுவதற்கு முன்பே இரண்டும் முடிந்துவிட்டன. மேடையில் நடப்பது விசாரணை மட்டும். ‘நீ இதைக் கண்டுபிடிப்பாய்’ என்று எந்தக் குறியும் சொல்லவில்லை. மாறாக, நிறுத்து என்று மூன்று பேர் கெஞ்சுகிறார்கள். குருட்டு ஞானி டைரேசியஸ், என்னை வீட்டுக்குப் போகவிடு என்கிறார். யோகாஸ்டா, உயிர்மேல் ஆசையிருந்தால் விட்டுவிடு என்கிறாள். அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. கடைசியில், குழந்தையை அன்று மலையில் போடாமல் காப்பாற்றிய கிழட்டு இடையன், ஐயா இதற்குமேல் கேட்காதீர்கள் என்கிறான். ஈடிபஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நகரம் செத்துக்கொண்டிருக்கிறது, லேயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்து வெளியேற்றினால்தான் நோய் தீரும். அவன் நல்ல அரசன். எந்தக் குணம் விடுகதையை அவிழ்த்ததோ அதே குணம்தான் அவனையும் அவிழ்க்கிறது.

நடிப்பதற்கு உதவும் இன்னொரு இடம்: கொரிந்திலிருந்து தூதன் வருகிறான். வளர்த்த தந்தை பாலிபஸ் இயற்கையாக இறந்துவிட்டார் என்ற செய்தி. அப்பாடா, குறி பொய்யாகிவிட்டது என்று மூச்சுவிடுகிறான் ஈடிபஸ். தாய் இருக்கிறாளே என்ற பயம் மட்டும் மிச்சம். அதையும் போக்கலாம் என்று தூதன் நல்ல மனதோடு, ‘அவர்கள் உன்னைப் பெற்றவர்களே அல்ல’ என்கிறான். ஆறுதல் சொல்ல வந்தவன் வாயாலேயே எல்லாம் கவிழ்கிறது. அரிஸ்டாட்டில் மயங்கியது இந்த இடத்தில்தான்.

உண்மை தெரிந்து ஈடிபஸ் தன் கண்ணைத் தானே குத்திக்கொண்ட பிறகு ‘எந்தத் தெய்வம் உன்னைத் தூண்டியது?’ என்று, ஊர்ப்பெரியவர்களாக மேடையில் வரும் பாடற்குழு கேட்கிறது. இந்தத் துன்பங்களைக் கொண்டுவந்தது அப்போலோ, ஆனால் குத்திய கை என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை என்கிறான். உங்கள் பொம்மை கேள்விக்கு அவனே பதில் சொல்லிவிட்டான்.

எதிர்க்கேள்வி: ‘ஹூப்ரிஸ்தான் கொடுங்கோலனைப் பெறுகிறது’ என்று அதே நாடகத்தில் பாடற்குழு பாடுகிறதே. அதை மறைத்துவிட்டீர்கள்!

மறைக்கவில்லை, பிடிபட்டேன். ஈடிபஸிடம் சூடு இருக்கிறது: டைரேசியஸை ஏசுகிறான், மைத்துனன் கிரியோன்மேல் ஆதாரமில்லாமல் சதிக்குற்றம் சுமத்துகிறான். மூன்று பாதைகள் கூடும் இடத்தில் தலையில் அடித்தது லேயஸ்தான் என்றாலும், பதிலடி அளவு மீறியது. ஆனால் அந்தப் பாட்டு எங்கே வருகிறது பாருங்கள். குறிகளை நம்பவேண்டாம் என்று யோகாஸ்டா சொல்லி முடித்தவுடன். பயந்துபோன ஊர்ப்பெரியவர்கள் பாடுகிறார்கள். அவர்கள் பயம் நியாயம்தான், அதற்காக அது சோஃபக்ளீஸின் தீர்ப்பு ஆகிவிடாது. இதே நாடகத்தில் இன்னொரு இடத்தில், ஈடிபஸ் ஒரு தெய்வத்துக்குப் பிறந்தவனோ என்றுகூட இவர்கள் குதூகலமாகப் பாடுகிறார்கள்!

விதியைக் குறிக்கும் மொய்ரா என்ற கிரேக்கச் சொல்லை ‘ஊழ்வினை’ என்று மொழிபெயர்க்கலாமா?

‘ஊழ்’ பரவாயில்லை. ‘வினை’ சேர்ந்தால் முற்பிறவிக் கணக்கு உள்ளே வந்துவிடும், ஈடிபஸுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. மொய்ரா என்றால் பங்கு, உனக்கென்று ஒதுக்கப்பட்டது. இந்த ‘ஏன் எனக்கு?’ என்பதற்குப் பதில் இல்லாததுதான் அந்த நாடகத்தின் கொடுமை.

‘ஆன்டிகனி’யில் துன்பியல் நாயகர் யார்? ஆன்டிகனியா, கிரியோனா?

பெயர் அவளுடையது, வீழ்ச்சி அவனுடையது. ஆன்டிகனி ஈடிபஸின் மகள். தடையை மீறி அண்ணனைப் புதைத்ததற்காக அவளைக் குகையில் அடைத்தான், இப்போது அரசனாக இருக்கும் கிரியோன். கடைசியில் மனம் மாறுகிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தைப் புதை என்கிறது பாடற்குழு. அவன் முதலில் பிணத்தைப் புதைக்கப் போகிறான்; குகைக்குப் போவதற்குள் அவள் தூக்கில் தொங்குகிறாள். அவளை மணக்க இருந்த அவன் மகன் ஹீமோன் அங்கேயே வாளில் விழுகிறான், சேதி கேட்டு கிரியோனின் மனைவியும் சாகிறாள். இரண்டு வேலைகளின் வரிசை மாறியது, அவ்வளவுதான்.

ஈடிபஸ் நாடகத்துக்குப் போட்டியில் முதல் பரிசு கிடைக்கவில்லையாமே?

ஆமாம், இரண்டாவதுதான் என்று பழைய குறிப்பு சொல்கிறது. ஜெயித்தவர் ஃபிலோக்ளீஸ், எஸ்கிலஸின் சகோதரி மகன். அவர் நாடகம் ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. போட்டி நடுவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

‘மெடியா’ நாடகத்தில் மெடியா தன் பிள்ளைகளைக் கொன்றுவிட்டுத் தப்பித்துப் போகிறாளே, தண்டனை எங்கே?

இல்லை. நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் அவளைச் சூரியன் தந்த தேரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். அந்த முடிவு அரிஸ்டாட்டிலுக்கும் பிடிக்கவில்லை. ‘நாயகன், குறை, வீழ்ச்சி’ சூத்திரத்தோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த நாடகத்தைத்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை: குருடனாக வெளியேறிய ஈடிபஸ் அப்புறம் என்ன ஆனான்?

அதை சோஃபக்ளீஸ் தொண்ணூறு வயதை நெருங்கும்போது எழுதினார் அம்மா. அவர் இறந்த பிறகு, கி.மு. 401இல், அதே பெயர்கொண்ட பேரன் மேடையேற்றினார். ஈடிபஸ் வந்து சேரும் இடம் ஆதன்ஸ் அருகே உள்ள கொலோனஸ், சோஃபக்ளீஸ் பிறந்த ஊர். கிழவனாகிவிட்ட ஈடிபஸ் இப்போது வாதாடுகிறான்: அவை நான் செய்தவை அல்ல, என்மேல் வந்து விழுந்தவை, தெரியாமல் செய்தேன், முதலில் என்னை அடித்தார்கள். கோபம் மட்டும் குறையவில்லை, மகனைச் சபிக்கிறான். பிறகு இடி இடிக்கிறது. இத்தனை நாள் மகள்கள் கைபிடித்து நடந்தவன், வழிகாட்ட யாரும் இல்லாமல் தானே முன்னால் நடக்கிறான். ஆதன்ஸ் அரசன் தீசியஸ் தவிர யாரும் கூடப் போகக்கூடாது. சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தவர்களுக்கு ஈடிபஸ் தெரியவில்லை. பார்க்கக்கூடாத எதையோ பார்த்தவன்போல் தீசியஸ் மட்டும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றிருந்தான்.