பெரும்பாலும் தமிழ் படிப்பவர் அச்சுப் புத்தகத்தை விட்டு ஈ-ரீடருக்கு மாறலாமா?

கேட்டவருடைய நிலைமை இதுதான்: அலமாரியில் இடமில்லை, வாடகை வீடு, பொடி எழுத்து முன்போலத் தெரிவதில்லை, படிப்பது பெரும்பாலும் தமிழ். அமேசானின் ஈ-ரீடரான (மின்னூல் படிக்கும் கருவி) கிண்டில் வாங்கினால் சரிப்படுமா என்பது கேள்வி.

சரிப்படும். ஆனால் இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் எந்த மாடல், எத்தனை அங்குலம், எத்தனை ஜிபி என்பதோடு நின்றுவிடுகின்றன. ஆங்கிலம் படிப்பவருக்கு அது போதும். தமிழ் படிப்பவருக்குக் கருவியில் பிரச்சினை இல்லை, கோப்பில்தான் பிரச்சினை. அடுத்து படிக்க நினைக்கும் பத்துப் புத்தகங்கள் எந்த வடிவத்தில் கிடைக்கின்றன என்று பார்க்காமல் பணத்தைக் கட்டாதீர்கள்.

பத்துத் தலைப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் கிண்டில் கடையில் தேடுங்கள். 2016 டிசம்பரிலிருந்து அங்கே தமிழ் இருக்கிறது. அடுத்து, 1998இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம். அப்புறம் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம். இந்த மூன்றிலும் இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கை நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் தளம். கடைசி இரண்டில் பெரும்பாலும் கிடைப்பது ஸ்கேன் செய்த பிடிஎஃப், அதாவது பக்கங்களின் படம்; எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்காது. பத்தில் ஆறேழு, படமாக இல்லாமல் தட்டச்சு செய்த எழுத்துக் கோப்பாகக் கிடைத்தால் 6 அல்லது 7 அங்குல ஈ-ரீடர் வாங்குங்கள். ஆறேழு ஸ்கேனாக இருந்தால் 10 அங்குல டேப்லெட்தான் உங்களுக்குச் சரி. எதுவுமே இல்லையென்றால் பணத்தை அப்படியே வைத்துக்கொண்டு அச்சிலேயே வாங்குங்கள்.

கிடைக்கிறது என்பதும் ஒழுங்காக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. கருவி வாங்கும் முன் கிண்டில் செயலியை போனில் இறக்கி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் இலவச மாதிரியை எடுத்துப் பாருங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. கொம்பு தனியாக, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் பக்கத்தில் நின்றால், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது எழுத்து வரிசை கெட்டிருக்கிறது. 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்று ககரக் கொம்புக்குப் பின் முழு ளகரமாக வந்திருக்கும். 'மாலை' என்பது 'மரலை' ஆகியிருக்கும். 'என்று' என்பதில் எகரத்துக்குப் பதில் ஏழு என்னும் பழைய தமிழ் எண் உட்கார்ந்திருக்கும். கடைசியில் சொன்னது கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைப் போட்டால் கண்டுபிடிக்காது. உரக்க வாசிக்கும் வசதியும் அந்த இடத்தில் 'ஏழு' என்று உளறும். கண் பார்வை குறைந்தவர்கள் குரல் வசதியை நம்பித்தான் மின்னூல் வாங்குகிறார்கள். அவர்களுக்கு இது அச்சுப்பிழை அல்ல, புத்தகமே பாழ்.

இது ஏன் வருகிறது? தமிழ்ப் பதிப்பகங்கள் பல வருடங்கள் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் பக்கம் அமைத்தன. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். திரையில் 'அ' என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஓர் ஆங்கில எழுத்து. அதை, எல்லாக் கருவியும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடான யூனிகோடாக மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. அவை வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். மிச்சத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் இடத்தில்தான் மேலே சொன்ன எல்லாப் பிழையும் நுழைகிறது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அச்சகத்துக்கு அனுப்புகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

திரைக்கு வருவோம். புதிய கிண்டில் வாங்கினால் யோசிக்கவே வேண்டாம், எல்லாம் அங்குலத்துக்கு 300 புள்ளிதான். பழையது வாங்குபவர்கள் கவனிக்கவும்: 2022க்கு முந்தைய அடிப்படைக் கிண்டில் 167 புள்ளி. ஆங்கில எழுத்துக்கு அது சமாளிக்கும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி தலைக்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும், 'ணை', 'ஸ்ரீ' போன்றவை சிறிய அளவில் கசங்கும். பழையதுதான் வாங்குவது என்றால் கிண்டிலிலேயே அடுத்த மாடலான, 300 புள்ளி உள்ள பேப்பர்வைட்டாகப் பாருங்கள். ஈ-ரீடர்களில் இருக்கும் காகிதம் போன்ற திரைக்கு ஈ-இங்க் என்று பெயர்; அதன் வண்ண வகையில் வண்ணப் பகுதி 150 புள்ளிக்கு இறங்கிவிடும். நாவல், கட்டுரை படிக்க அது வேண்டாம்.

வாங்கிய கையோடு மூன்று மாற்றம் செய்யுங்கள். முதலாவது, பத்தி இரு பக்கமும் சமமாக நிற்பதை மாற்றி இடப்பக்கம் மட்டும் சீராக வையுங்கள். 6 அங்குலத் திரையின் அகலம் 9 சென்டிமீட்டர். வசதியான அளவில் தமிழ் ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொல்தான் வரும். அதில் 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒன்று வந்து அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மிச்சமான இரண்டு சொல்லுக்கு நடுவே பள்ளம் விழும். 'கிண்டிலில் தமிழ் படிக்க என்னவோ போல இருக்கிறது' என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இந்தப் பள்ளம்தான். இரண்டாவது, ஓரத்தைக் குறைத்து வரி இடைவெளியை ஒரு படி கூட்டுங்கள். மேலே இகர வளைவும் கீழே உகரச் சுழியும் இடிக்காமல் இருக்கும். மூன்றாவது, எழுத்துரு. கருவியை கணினியில் இணைத்தால் 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறை தெரியும். அதில் நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது மீரா இனிமை கோப்பைப் போட்டால் எழுத்துருப் பட்டியலில் வந்துவிடும். இரண்டும் இலவசம். கோபோ என்ற வேறு நிறுவன ஈ-ரீடர் வைத்திருப்பவர்கள் அந்தக் கோப்புறையைத் தாங்களே உருவாக்க வேண்டும்.

கண் பற்றி ஒரு வார்த்தை. ஈ-இங்க் திரையில் விளக்கு ஓரத்திலிருந்து திரையின் மேல் விழுகிறது, போன் மாதிரி பின்னாலிருந்து கண்ணுக்குள் அடிப்பதில்லை. எழுத்தையும் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஆனால் நாற்பதைத் தாண்டியவருக்கு அது வெள்ளெழுத்தாக இருக்கலாம். முதலில் கண்ணாடி பவரைப் பாருங்கள். கருவி அதற்கு மாற்று அல்ல.

உங்களிடம் இருக்கும் இபப் (மின்னூலுக்கான பொதுக் கோப்பு வடிவம்) கோப்பை கிண்டிலுக்கு அனுப்ப, அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' இணையப் பக்கத்தில் இழுத்துப் போட்டால் போதும். அங்கே 200 எம்பி வரை ஏற்கும், மின்னஞ்சலில் 50 எம்பி. மின்னஞ்சல் என்றால் உங்கள் முகவரியைக் கணக்கின் அனுமதிப் பட்டியலில் முன்பே சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் கோப்பு வந்து சேராது. தமிழ் இபப் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டால், பல சமயம் காரணம் கோப்புக்குள் மொழிக் குறிப்பு இல்லாததோ உள்கட்டமைப்பில் கோளாறோதான். காலிபர் மென்பொருளில் திறந்து, விவரத்தில் மொழியைத் தமிழ் என்று கொடுத்து, இபப்பிலிருந்து இபப்புக்கே ஒருமுறை மாற்றுங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அந்த மாற்றத்தின்போதே 'டெக்ஸ்ட் ஜஸ்டிஃபிகேஷன்' என்ற இடத்தில் 'லெஃப்ட் அலைன்' கொடுத்துவிட்டால் பள்ளம் கோப்பிலேயே சரியாகும்.

ஸ்கேன் பிடிஎஃப்பைச் சின்னத் திரையில் படிக்கவே முடியாது என்று சொல்பவர்கள் திரையை நிமிர்த்தியபடியே படிக்கிறார்கள். டெம்மி அளவுப் புத்தகம் ஏறத்தாழ 14க்கு 21.5 சென்டிமீட்டர். வெள்ளை ஓரத்தை வெட்டினால் எழுத்துப் பகுதி சுமார் 10.5க்கு 17. 6 அங்குலத் திரை 9க்கு 12. நிமிர்த்திப் பார்த்தால் எழுத்து அச்சில் இருந்ததில் முக்கால் பங்குக்கும் கீழே போகும். திரையைப் படுக்க வைத்தால் அகலம் 12 ஆகிறது, எழுத்து அச்சைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்துக்கு இரண்டு திருப்பலும் கொசுறும் ஆகும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச நிரல் ஓரம் வெட்டுவதையும் பக்கத்தைத் துண்டு போடுவதையும் தானே செய்யும். பக்கத்தைப் படமாகவே கையாள்வதால் தமிழா ஆங்கிலமா என்ற கேள்வி அதற்கு இல்லை. இரண்டு பக்கத்தைச் சேர்த்து ஸ்கேன் செய்த கோப்பாக இருந்தால் நடுவில் வெட்டிவிட்டுத் தொடங்குங்கள். நாளிதழ், பழைய வார இதழ் அளவெல்லாம் இதில் முடியாது, டேப்லெட்தான்.

காகித வாசனை என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நான் அச்சுக்கு எதிரி அல்ல, எந்த நிறுவனமும் எனக்குக் காசு தரவும் இல்லை. அச்சிலேயே வைத்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. மூலத்தையும் உரையையும் விரல் வைத்து மாறி மாறிப் புரட்ட வேண்டிய சங்க இலக்கியப் பதிப்புகள், அகராதி, குழந்தைகளின் படப் புத்தகம், நிழற்படம் நிறைந்தவை, மறுபதிப்பே வராதவை. பழைய சிற்றிதழ் கட்டு இருந்தால் எடைக்குப் போடும் முன் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். தைரியமாகக் கொடுத்துவிடக் கூடியவை கோப்பு நன்றாகக் கிடைக்கும் நாவல்களும் பிரபலக் கட்டுரைத் தொகுப்புகளும்தான். அதையும் மின்னூலை ஓர் அத்தியாயம் படித்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

கேட்காத விஷயம்தான், ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே புத்தகம் மின்னூலானால் வரி உண்டு. 2018இல் அதை 18 சதவீதத்திலிருந்து 5 ஆக்கினார்கள், அதுவும் அச்சு வடிவம் இருக்கும் நூலுக்கு மட்டும். அச்சடிக்கப் பணமில்லாமல் நேரடியாக மின்னூலாக வெளியிடும் புது எழுத்தாளருக்கு அந்தச் சலுகை இல்லை. எழுத்து ஒன்றுதான், தாளில் இருந்தால் அறிவு, திரையில் இருந்தால் சேவையா? பதிப்பாளர் சங்கங்கள் இதை விடாமல் கேட்க வேண்டும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. திரையின் அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது; பைக்குள் சாப்பாட்டு டப்பா அழுத்தினால் கோடு விழும், விழுந்தால் போகாது, திரை மாற்றும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம். முன்பக்கம் கெட்டியான உறை அவசியம். 35 டிகிரி வரைதான் இயக்க வெப்பம் என்று போட்டிருக்கிறார்கள். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள். சில மாதம் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுக்க வடிந்து கிடந்தால் பேட்டரி கெடும்.

கடைசியாக, கடையில் வாங்கும் மின்னூல் உங்கள் சொத்து அல்ல, படிக்கும் உரிமம் மட்டுமே. 2009இல் விற்ற நூல்களையே அமேசான் வாசகர்களின் கிண்டிலிலிருந்து அழித்த சம்பவம் நடந்தது. 2025 பிப்ரவரி 26 முதல் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். அதனால் பதிப்பகமே இபப்பாக நேரடியாக விற்றால் அங்கே வாங்கி, கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள். நீங்கள் அடிக்கோடிட்டவை கருவியின் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறைக்குள் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக் கோப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை அதையும் கணினிக்கு நகலெடுத்து வையுங்கள். கருவியை ரீசெட் செய்தால் முதலில் போவது அதுதான்.