லேசர் திரையில் மினுங்கும் மணல்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தியேட்டரில் லேசர் புரொஜெக்டர் போட்டிருக்கிறார்கள். கலர் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் வெள்ளைச் சட்டை, வானம் என்று வெளிச்சமான இடமெல்லாம் பொடிமணல் மினுங்குவது போலத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த தம்பி, “ஒண்ணும் தெரியலையே, உங்க கண்ணுலதான் கோளாறு” என்கிறான். கோளாறு படத்திலா, கண்ணிலா?

செ.

அன்புள்ள செ.,

இரண்டிலும் இல்லை. அதன் பெயர் ஸ்பெக்கிள். லேசர் ஒளியின் அலைகள் ஒழுங்காக அணிவகுத்து வருபவை. திரையோ நுண்ணிய மேடுபள்ளம் நிறைந்தது. அதில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடிப் பிரகாசமாகும், பக்கத்திலேயே ஒன்றையொன்று அழித்து இருட்டாகும். அந்தக் கோலம் அவரவர் விழித்திரையில்தான் உருவாகிறது. உங்கள் புள்ளிகள் தம்பியின் புள்ளிகள் அல்ல.

அடுத்த தடவை, வெளிச்சமான ஷாட் வரும்போது தலையை மெல்லப் பக்கவாட்டில் அசையுங்கள். ஃபிலிம் கிரெயின் (படத்திலேயே பதிந்த பொடிப்புள்ளி) என்றால் உங்கள் தலையை அது சட்டை செய்யாது. ஸ்பெக்கிள் நகரும். கண்ணாடி போடுபவர் என்றால் கழற்றிப் பாருங்கள்: படம் மங்கும், புள்ளிகள் மட்டும் கூர்மையாகவே நிற்கும். கிட்டப்பார்வைக்காரருக்கு அவை தலை போகும் திசைக்கு எதிராக ஓடும், தூரப்பார்வைக்காரருக்கு அதே திசையில். (தம்பியின் கண்ணையும் சோதித்துவிடலாம்.)

3டிக்காகப் போடும் சில்வர் ஸ்கிரீனில் இந்தத் தொல்லை கூடுதல். ‘லேசர்’ என்று போர்டு வைத்ததெல்லாம் ஒன்றல்ல என்பதும் உண்டு. நீல லேசரால் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளை ஒளிரச் செய்யும் மலிவு வகையில் ஸ்பெக்கிள் குறைவு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி லேசர் வைத்த உயர்வகையில்தான் அதிகம் தெரியும். அந்த உயர்வகையில் நிறத்திலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளாகிறது. மிகக் குறுகலான மூன்று அலைநீளப் பட்டைகளைக் கலந்து உண்டாக்கும் வெள்ளை, ஒருவருக்குச் சற்றே இளஞ்சிவப்பாகவும் இன்னொருவருக்குப் பச்சை ஓடியதாகவும் படலாம்.

அப்புறம் அந்தப் ‘பளிச்’. 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்பது தரம். பழைய புரொஜெக்டர்களில் இருக்கும் செனான் விளக்கு மணிக்கணக்கு ஏற ஏற மங்கும், மாற்றுவதைத் தள்ளிப்போடும் தியேட்டர்கள் உண்டு. நாம் லேசரைப் புகழும்போது பாதிப் புகழ் புது விளக்குக்குப் போக வேண்டியது என்பது என் கணிப்பு.

ஸ்பெக்கிளைக் குறைக்கத் திரையையே லேசாக அதிர வைக்கும் கருவி இருக்கிறது. உங்கள் தியேட்டரில் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். மேனேஜர் முழித்தால் ஆபரேட்டரைப் பிடியுங்கள்.